பூட்டுக்கு மேல் பூட்டு வேண்டாம்!



சென்ற பொதுக்குழுவில் நடந்த ஒரு சிறு சம்பவம் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, தம் கட்டிடத்தில் இருக்கும் ஒரு வாடகைதாரர் ஏழு மாதமாக வாடகை தரவில்லை, காலி செய்யவும் மறுக்கிறார், சங்கம் ஏதாவது வழி சொல்ல வேண்டும் என்று கேட்டார். அவர் உட்காருவதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "ராத்திரியோடு ராத்திரியா பூட்டுக்கு மேல ஒரு பூட்டைப் போடுங்க அண்ணாச்சி. காலையிலே தானா வந்து காலைப் பிடிப்பான்!" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பூட்டை நானே ஒரு முறை போட்டவன். அதனால் என்ன நடந்தது என்பதை இத்தனை வருடம் வெளியில் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது அறுபத்தேழு. பள்ளிக்கூடப் படிப்போடு நிறுத்திக்கொண்டு பதினேழு வயதில் மதுரை கீழமாசி வீதியில் எங்கள் அப்பா கடையில் சிட்டை எழுத உட்கார்ந்தவன். துவரை, உளுந்து, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். நாங்கள் வியாபாரம் செய்யும் கடை இன்றைக்கும் வாடகைக் கடைதான். அப்பா காலத்திலிருந்து ஒரு அறக்கட்டளைக்கு வாடகை கட்டி வருகிறோம். இன்னொரு பக்கம், 1993-இல் புறநகரில் கீழே ஆறு கடை, மேலே இரண்டு வீடு என்று ஒரு கட்டிடம் கட்டினேன். ஆகவே மாதம் பிறந்தால் ஒரு கையால் வாடகை கொடுக்கிறேன், மறு கையால் வாடகை வாங்குகிறேன். நம் சங்கத்தில் பாதிப் பேர் என்னைப் போலத்தான் இருப்பார்கள். எனவே இதைக் கட்டிடக்காரன் பேச்சு என்றோ, கடைக்காரன் பேச்சு என்றோ ஒதுக்கிவிடாமல் படிக்க வேண்டுகிறேன்.

ஒன்பது வருட வழக்கு

முதலில் என்னை ஏமாற்றிய ஒரு வாடகைதாரர் கதையைச் சொல்கிறேன். மூலைக் கடையை 1994-இல் ஒருவருக்கு மாதம் 900 ரூபாய்க்கு விட்டேன். தெரிந்தவர் சிபாரிசு. எழுத்து எதுவும் இல்லை. ஐந்து வருடம் ஒழுங்காகப் போயிற்று. 1999-இல் அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். கடையை என்னிடம் ஒப்படைக்காமல் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டார். எனக்கு 1,100 ரூபாய் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்தவரிடம் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டேன். அந்த மாதத்தோடு எனக்கு வரவேண்டிய 1,100-ம் நின்றுபோயிற்று.

2003-இல் வழக்குப் போட்டேன். அப்போது 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வாடகை பாக்கி என்பது மட்டும் போதாது, வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று நிரூபிக்க வேண்டும். உள்வாடகை என்றால், உள்ளே இருப்பவர் "நான் அவருடைய கூட்டாளி" என்று சொல்லிவிடுவார். அப்படித்தான் சொன்னார். முன்சீப் கோர்ட்டில் நாலு வருடம், அப்பீலில் இரண்டு வருடம், பிறகு 2004-இல் நம்மூருக்கே வந்துவிட்ட உயர்நீதிமன்றக் கிளையில் மூன்று வருடம். 2012-இல் சாவி என் கைக்கு வந்தது. ஜெயித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்பது வருட வாடகை போயிற்று. வக்கீல் செலவு, அலைச்சல், கடையை விட்டுவிட்டு கோர்ட் வாசலில் நின்ற நாட்கள் எல்லாம் போயிற்று. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒயரைக்கூட உருவி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த வழக்கு என் பணத்தைத் தின்றதைவிட என் பொறுமையைத் தின்றதுதான் அதிகம். "இனிமேல் கோர்ட்டுக்குப் போவதில்லை, எவனாக இருந்தாலும் கையோடு முடித்துவிட வேண்டும்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாம்பு கடித்தவன் கயிற்றைக் கண்டாலும் அடிப்பான் என்பார்கள். நான் அடித்தது கயிற்றையும் அல்ல, ஒரு நல்ல மனிதரை.

வசூலுக்கு ஒரு ஆள்

இதற்கிடையில் 2010-இல் எனக்கு முழங்காலில் கோளாறு வந்து, கட்டிடத்துக்குப் போய் மாடி ஏறி இறங்க முடியாமல் போயிற்று. பையன்கள் இருவரும் வியாபாரத்தில். ஆகவே வாடகை வசூலுக்கு ஒரு ஆள் போட்டேன். வசூலில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன். நன்றாகப் பேசுவார். தேதி தவறாமல் ஐந்தாம் தேதி மாலை கடைக்கு வந்து பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போவார். குழாய் உடைந்தாலும், மோட்டார் கெட்டாலும் அவரே ஆள் விட்டுச் சரிசெய்து சீட்டு கொண்டுவருவார். எனக்கு நிம்மதி. மூன்று வருடம் அந்தக் கட்டிடத்து வாசலை நான் மிதிக்கவே இல்லை.

2013-இல் அவர் ஒரு புகார் கொண்டுவந்தார். இரண்டாம் நம்பர் கடையில் மளிகை வைத்திருந்த தம்பி வாடகை தருவதில்லை என்று. அந்தத் தம்பி 1994-லிருந்து அங்கே கடை வைத்திருப்பவர். சரக்குகூட என்னிடம்தான் எடுப்பார். மாத வாடகை 4,500. முதல் மாதம் "பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினாராம்" என்றார் வசூல்காரர். அடுத்த மாதம் "அடுத்த வாரம் தருகிறாராம்" என்றார். இப்படியே ஐந்து மாதம். 22,500 ரூபாய். "கேட்டால் எதிர்த்துப் பேசுகிறார் முதலாளி. மூலைக் கடைக்காரரைப் போல இவரும் கோர்ட்டுக்குப் போகட்டும் என்கிறார்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தத் தம்பி மாவு, எண்ணெய், சர்க்கரை, நெய் என்று பண்டிகைச் சரக்கு நிரப்பி வைத்திருந்தார். இரவு கடை அடைத்த பிறகு அவர் பூட்டுக்கு மேல் என் பூட்டைப் போடச் சொன்னேன். மின்சார ஃபியூஸையும் பிடுங்கச் சொன்னேன். ஒரு போன் செய்து "ஏன் தம்பி வாடகை தரவில்லை?" என்று கேட்கத் தோன்றவில்லை. சரக்கு எடுக்க என் கடைக்கு வந்தபோதுகூட நான் கேட்கவில்லை. வசூல்காரர்தான் பேசிக்கொண்டிருக்கிறாரே, நாம் இடையில் புகுந்தால் நம் மதிப்பு என்ன ஆவது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, இரண்டு நாளும் வசூல்காரரைத் தேடி அலைந்திருக்கிறார். நாலாம் நாள் காலையில் என் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். மாதாமாதம் தேதி, தொகை, அதன் கீழே வசூல்காரர் கையெழுத்து. ஐந்து மாதமும் இருந்தது. "நான் எழுதி வாங்கி வச்சிருக்கேன் அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

அன்றைக்கே பூட்டைத் திறந்தேன். நாலு நாள் வியாபாரம் போனது மட்டும் அல்ல. ஐஸ் பெட்டி நின்றுபோய் பால், தயிர், வெண்ணெய் எல்லாம் கெட்டுப்போயிருந்தது. பண்டிகைச் சீட்டு கட்டியவர்கள், கடை மூடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பணத்தோடு ஓடிவிட்டார் என்று தெருவில் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சை எப்படித் திரும்ப எடுப்பது? மூன்று மாத வாடகை வேண்டாம் என்றேன். கெட்டுப்போன சரக்குக்குப் பணம் கொடுத்தேன். சரக்குப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வாடகையை வழக்கம் போலக் கட்டினார். அடுத்த வருடம் சித்திரையில் வேறு தெருவுக்குக் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இருபது வருடப் பழக்கம். இன்றைக்கும் எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்லுவார். சரக்கு மட்டும் என்னிடம் எடுப்பதில்லை.

பிறகு ஒவ்வொரு கடையாகப் போய் விசாரித்தேன். மளிகைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டது 22,500. தையல் கடையிலும் ஜெராக்ஸ் கடையிலும் வாடகை உயர்ந்துவிட்டது என்று மாதம் முந்நூறு முந்நூறாக இருபது மாதம் கூடுதலாக வாங்கியது 12,000. மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் 30,000 வாங்கிவிட்டு எனக்கு 20,000 என்று சொன்னதில் 10,000. ஆக மொத்தம் 44,500. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆனால் வேலி போட்டுவிட்டு மூன்று வருடம் வயல் பக்கமே போகாதவன் மேல் குற்றம் இல்லையா? நம் மண்டியில் ஒரு மூட்டை எடை குறைந்தால் பேரேட்டைப் புரட்டுகிறோம். வாடகைக்குப் பேரேடே வைக்காமல் ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி இன்னொருவர் பிழைப்பைப் பூட்டினேன்.

பூட்டினால் என்ன ஆகும்?

"உங்கள் விஷயத்தில் ஆள் மாறிவிட்டது. உண்மையிலேயே தராதவனைப் பூட்டினால் என்ன தப்பு?" என்று நண்பர்கள் கேட்கலாம். இரண்டு பதில் சொல்கிறேன்.

முதலாவது சட்டம். பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கட்டிடக்காரருக்கு உரிமை இல்லை. இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம். அதிலும் அப்படியே இருக்கிறது. கட்டிடக்காரர் மட்டுமல்ல, அவர் வைத்திருக்கும் மேலாளரும் நிறுத்தக்கூடாது என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். மேலும் 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவரைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். கட்டிடம் யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. அதாவது, பூட்டுப் போட்டவுடன் பாக்கி வைத்தவர் வாதி ஆகிறார், பணம் வரவேண்டியவர் பிரதிவாதி ஆகிறார். நம் பக்கம் இருந்த நியாயத்தை நாமே அவர் கையில் எடுத்துக் கொடுக்கிறோம்.

இரண்டாவது, நம் தொழில். கடை என்பது நாலு சுவர் அல்ல. உள்ளே இருக்கும் சரக்கில் பாதி மொத்த வியாபாரியின் கடன் சரக்கு. ஒரு மளிகைக் கடையைப் பூட்டினால் அந்தக் கடைக்காரரின் வியாபாரம் மட்டும் நிற்பதில்லை, அவருக்குக் கடன் கொடுத்த நம்மைப் போன்ற நாலு பேருடைய வசூலும் நிற்கிறது. வாடகை 22,500-க்காகப் பூட்டிய கடைக்குள் என்னுடைய சொந்தச் சரக்கே அதைவிட அதிகமாகக் கிடந்தது என்பதைப் பிறகு கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வாடகைதாரர்களுக்கும் சொல்ல வேண்டும்

இப்படிச் சொல்வதால், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாத வாடகைதாரர்களுக்கு நான் பரிந்து பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த கடையை உள்வாடகைக்கு விட்டு அதில் லாபம் பார்ப்பதும், கட்டிடக்காரர் காலி செய்யச் சொன்னால் "குட்வில்" என்று ஒரு தொகை கேட்பதும், கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்" என்பதும் நம் கடைவீதியில் சாதாரணமாகிவிட்டது. அதன் விளைவு என்ன? மூலைக் கடைக்காரர் ஒருவர் செய்ததற்கு, அடுத்து வந்த எல்லா வாடகைதாரர்களிடமும் நான் அட்வான்ஸை ஏற்றினேன். ஒரு கடைக்காரர் செய்யும் அக்கிரமத்துக்கு, புதிதாகக் கடை தேடி வரும் இளைஞன் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து அபராதம் கட்டுகிறான்.

அதே நேரத்தில் கட்டிடக்காரர்களாகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கிய அட்வான்ஸை நம்மில் எத்தனை பேர் தனியாக வைத்திருக்கிறோம்? வியாபாரத்தில் போட்டுவிடுகிறோம். காலி செய்கிறேன் என்று ஒருவர் வந்தால், "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தருகிறேன்" என்கிறோம். அட்வான்ஸ் கைக்கு வராமல் அவர் எப்படிச் சாவியைக் கொடுப்பார்? காலி செய்யாத வாடகைதாரர் என்று நாம் புகார் சொல்லும் இடங்களில் சரிபாதி, அட்வான்ஸைத் திருப்பித் தராத கட்டிடக்காரர் பிரச்சினையாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். புதிய சட்டம், வேறு விதமாக உடன்படிக்கை இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. நான் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். சாவி வரும் நாளே பணம் போகிறது.

நான் இப்போது செய்துவருவது

பட்ட பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். யாருக்காவது பயன்பட்டால் மகிழ்ச்சி.

ஒன்று: எழுத்து. பதினொரு மாத ஒப்பந்தம் என்று ஒரு பழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்க நம் முன்னோர்கள் கண்டுபிடித்த வழி அது. இன்றைக்கு அது மட்டும் போதாது. புதிய சட்டப்படி, எத்தனை மாதமானாலும் நகர்ப்புற வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். எனக்குப் பேரன் செய்து கொடுத்தான். வாய்ப்பேச்சில் 900 ரூபாய்க்கு விட்ட கடை எனக்கு ஒன்பது வருடத்தைத் தின்றது என்பதை நினைத்துக்கொண்டால், இந்தப் பதிவுச் செலவு பெரிதாகத் தெரியாது.

இரண்டு: பணம் யார் கைக்கும் போகக்கூடாது. வாடகை நேராக என் வங்கிக் கணக்குக்கு வருகிறது. போனில் அனுப்புபவர்கள் போனில் அனுப்புகிறார்கள். ரொக்கமாகத்தான் தர முடியும் என்பவர்களுக்கு, எண் போட்ட ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறேன். அடிக்கட்டை என்னிடம் இருக்கும். வாடகைதாரர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அந்த மளிகைத் தம்பியிடம் அந்தச் சின்ன நோட்டு மட்டும் இல்லாதிருந்தால், இன்றைக்கும் நான் அவரைத்தான் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

மூன்று: மேலாளர் வைத்தால் அவர் அதிகாரத்துக்கு எல்லை வையுங்கள். வயதானவர்களுக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்களுக்கும் ஒரு ஆள் இல்லாமல் முடியாது. எனக்கும் இப்போது ஒருவர் இருக்கிறார், நல்லவர். ஆனால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: மோட்டார், குழாய், விளக்கு என்று மாதம் இரண்டாயிரம் ரூபாய் வரை அவர் செலவு செய்யலாம். அதற்கு மேல் என்னைக் கேட்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வாடகையை ஏற்றவோ, ஆளை வைக்கவோ, காலி செய்யச் சொல்லவோ கூடாது. அந்தக் காகிதத்தின் நகல் ஒவ்வொரு வாடகைதாரரிடமும் இருக்கிறது. அவர் பெயர் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. சட்டமும் மேலாளரின் கடமைகளைத் தனியாகச் சொல்கிறது. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது அதில் ஒன்று. எல்லை எழுதிவைப்பது அவரைச் சந்தேகப்படுவதாகாது. அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

நான்கு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை நானே போகிறேன். முழங்கால் வலித்தாலும் ஆட்டோ பிடித்துப் போய், ஒவ்வொரு கடையிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வருகிறேன். அதன் பலனை 2020-இல் கண்டேன். ஊரடங்கில் என் கட்டிடத்தில் மளிகைக் கடையும் மருந்துக் கடையும் திறந்திருந்தன. தையல் கடை இரண்டு மாதம் திறக்கவே இல்லை. யாருக்கு உண்மையில் முடியவில்லை என்பது எனக்கு நேராகத் தெரிந்ததால், தையல்காரருக்கு அந்த இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்தேன். மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. அவர்களுக்கும் உண்மை தெரியும் அல்லவா?

ஐந்து: பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதில் சண்டை வேண்டாம். சட்டத்தின் அட்டவணையிலேயே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. இதை ஒப்பந்தத்தோடு ஒட்டிவிட்டால் பாதி வாக்குவாதம் குறைந்துவிடும்.

ஆறு: ஜி.எஸ்.டி. யார் கட்டுவது என்பதையும் எழுதிவிடுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத கட்டிடக்காரரிடம் கடை எடுத்திருக்கும் பதிவு பெற்ற வணிகர், வாடகை மேல் 18 சதவீத வரியைத் தாமே நேரடியாகக் கட்ட வேண்டும் என்று வந்தது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் விலக்குக் கொடுத்தார்கள். 10,000 ரூபாய் வாடகைக்கு 1,800 ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல. இதை முன்கூட்டிப் பேசாமல் விட்டு, பிறகு வாடகையில் பிடித்துக்கொண்டு முகம் திருப்பிக்கொண்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஏழு: பாக்கி விழுந்தால் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் தவறினால் நேரில் கேட்கிறேன். இரண்டாம் மாதம் கைப்பட எழுதிய கடிதம், நகலோடு. அதற்கும் பதில் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். இப்போதைய சட்டத்தில், இரண்டு மாத வாடகை நிற்பதே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணம். எழுத்தும் ரசீதும் கையில் இருந்தால், "வேண்டுமென்றே" பாக்கி வைத்தாரா என்று ஒன்பது வருடம் வாதாட வேண்டியதில்லை. எழுத்து இல்லாதவர்களுக்குத்தான் கோர்ட் நீளுகிறது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

நிர்வாகிகளுக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, சட்டப்படி அமைந்த ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தத்தையும் எண் போட்ட ரசீதுப் புத்தகத்தையும் சங்கமே அச்சிட்டு, அடக்க விலைக்கு உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும். நாட்காட்டி அச்சிட்டுக் கொடுக்கிறோம். இதையும் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஐந்து பேர் கொண்ட ஒரு சமரசக் குழு வேண்டும். இரண்டு பேர் கட்டிடம் உள்ளவர்கள், இரண்டு பேர் வாடகைக் கடைக்காரர்கள், தலைமைக்கு இரு தரப்பும் மதிக்கும் ஒரு மூத்தவர். உறுப்பினர்களுக்குள் வாடகைத் தகராறு வந்தால், நோட்டீஸ் போகும் முன் இங்கே வந்து இரு தரப்பும் கணக்கை மேசை மேல் வைக்கட்டும். என் பேரேடும் அந்தத் தம்பியின் நோட்டும் ஒரே மேசைக்கு வந்திருந்தால், பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். சமரசம் ஏற்காதவர்களுக்கு வாடகை நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது.

மூன்றாவது, இது சிலருக்குக் கசக்கலாம். பூட்டுப் போட்டுக் காலி செய்யப்பட்ட கடையை நம் உறுப்பினர் யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் போட வேண்டும். அதேபோல், உள்வாடகைக்கு விடப்பட்ட கடையையும் கட்டிடக்காரர் சம்மதக் கடிதம் இல்லாமல் யாரும் எடுக்கக்கூடாது. எடுக்க ஆள் இருப்பதால்தான் பூட்டுகிறார்கள், எடுக்க ஆள் இருப்பதால்தான் உள்வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு வாசலையும் நாமே சாத்த முடியும்.

பொதுக்குழுவில் ஏழு மாதப் பாக்கி என்று எழுந்து பேசிய நண்பருக்கு ஒரு வார்த்தை. பூட்டு வாங்கும் முன் ஒரு நாள் அந்தக் கடைக்குப் போங்கள். உங்கள் ஆளை அனுப்பாமல் நீங்களே போங்கள். எதிரில் உட்கார்ந்து, "வாடகை ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். அவர் தராதவராகவே இருக்கலாம். அப்படியானால் நோட்டீஸ் அனுப்பலாம், நான் அறிந்த நல்ல வக்கீலிடம் அழைத்துப்போகிறேன். ஆனால் அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தாலும் இருக்கலாம். அதைப் பூட்டுவதற்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது. நான் பின்னால் பார்த்தவன்.